கல்லூரியில் முதல் வேதியியல் வகுப்பு
(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



அறிவியலைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். இந்த மாதிரி மேடைகளில் அறிவியல் என்றால் ராக்கெட், சந்திர மண்டலம் என்று பேசுவது வழக்கம். நான் அங்கெல்லாம் போகவில்லை. ஒரே ஒரு தாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கல்லூரியில் வேதியியல் வகுப்பின் முதல் நாளன்று பிள்ளைகள் கையில் இரண்டு மூன்று பக்கம் கொடுப்பார்கள். கோர்ஸ் அவுட்லைன் என்று பெயர். எத்தனை வகுப்புக்கு வர வேண்டும், எந்த வேலைக்கு எத்தனை மார்க், எப்போது கொடுக்க வேண்டும், எதைச் செய்தால் சுழியம் என்றெல்லாம் அதில் இருக்கும். நான் அந்தத் தாளைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தவன்.

"ஐயா, இங்கே இருப்பவர்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். இவர்களுக்குக் கல்லூரிக் கதை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஐந்து அல்லது ஆறு வருஷத்தில் எஸ்.பி.எம். முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஆறாம் படிவமோ, கோப்பெங்கில் இருக்கும் பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரியோ, ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கோ, கம்பாரில் இருக்கும் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகமோ, எங்கே போனாலும் அறிவியல் பக்கம் போகிற பிள்ளை முதல் பருவத்திலேயே வேதியியலைச் சந்தித்தாக வேண்டும். டாக்டர், மருந்தாளர், பொறியியலாளர் என்று நாம் ஆசைப்படும் வேலைகளுக்கெல்லாம் வாசற்படி அதுதான். படி தடுக்கி விழுகிறவர்களும் அங்கேதான் விழுகிறார்கள்.

நான் விழுந்த கதையைச் சொல்கிறேன். 1983ஆம் ஆண்டு. இந்தப் பள்ளியில் படித்து, புதுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி மேலே வந்து, ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் சோதனைக்கூடம், பருவத்துக்கு 14 வாரம். முதலில் நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார், வந்துவிட்டேன். அடுத்து அக்காவுக்குப் பரிசம் போட வந்தார்கள். தம்பி இல்லாமல் எப்படி? வந்துவிட்டேன். மூன்றாவது முறை அப்பாவுக்குக் காய்ச்சல் என்று தந்தி. ஓடி வந்தேன். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. திரும்பிப் போனபோது அறிவிப்புப் பலகையில் என் எண் ஒட்டியிருந்தது. தேர்வு எழுத அனுமதி இல்லை.

கணக்கைப் பாருங்கள். 80 விழுக்காடு வருகை வேண்டும் என்பது அங்கே விதி. இன்றும் பல இடங்களில் அதே விதிதான். 14இல் இரண்டு நாள் வராவிட்டால் 12. அது 85 விழுக்காட்டுக்கு மேல், தப்பிக்கலாம். மூன்று நாள் வராவிட்டால் 11. அது 79கூட இல்லை. நான் குடித்துக் கும்மாளம் போட்டுக் கெட்டவன் இல்லை. நல்ல பிள்ளையாக இருந்தே கெட்டேன். தக்க காரணம் இருந்தால் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, வேறு குழுவோடு அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம் என்று அதே தாளில் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதைப் பிறகுதான் படித்தேன்.

அந்தப் பாடத்துக்காக இன்னொரு வருஷம் இருந்தேன். வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? "படிப்பை ஒரு வருஷம் நீட்டிட்டாங்கப்பா" என்றேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையிலும் பால் வெட்டப் போனார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அம்மா இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும்.

சரி, அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. தாளுக்கு வருவோம்.

அதில் இருக்கும் விதிகளைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஏதோ வெள்ளைக்காரன் வீட்டுச் சட்டம், நமக்கு ஒத்து வராது என்று நினைக்கிறார்கள். நான் சொல்கிறேன், அந்தச் சட்டமெல்லாம் நம் பால் ஸ்டோரில் இருந்த சட்டம்தான். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். விடியும் முன்னே பெரட்டு. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அன்றைய பேர் இல்லை. காரணம் கேட்பாரா கிராணி? வெட்டி முடித்துப் பாலைச் சேர்த்து, வாளியோடு ஸ்டோருக்கு வந்தால், எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்து எழுதிவிட மாட்டார்கள். பாலில் கொஞ்சம் எடுத்து, ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையைப் போடுவார்கள். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை மூன்றால் பெருக்கினால் பாலில் எவ்வளவு ரப்பர் என்று வந்துவிடும். பத்து லிட்டர் நல்ல பாலில் ஏறக்குறைய மூன்று கிலோ உலர்ந்த ரப்பர். மழைத் தண்ணீர் விழுந்ததோ, யாராவது ஊற்றியதோ, மிதவை காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் கோட்டைப் படிக்கும்போது கிராணி குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துத்தான் படிப்பார். மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும். அளவு தப்பினால் கூலி தப்பும். கூலி தப்பினால் சண்டை!

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் பியூரெட் என்று நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று தருவார்கள். 50 கன சென்டிமீட்டர் கொள்ளும். அதில் காரத்தை நிரப்பி, கீழே குடுவையில் இருக்கும் அமிலத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலத்தில் ஃபினால்ஃப்தலீன் என்ற காட்டி இரண்டு சொட்டு இருக்கும். அமிலம் தீர்ந்த அந்தக் கணத்தில் நிறமில்லாத நீர் வெளிர் ரோஜா நிறமாகும். ஒரு சொட்டு கூடினால் அடர் ரோஜா. போச்சு, மறுபடி முதலிலிருந்து. குழாயை எப்படிப் படிப்பது? குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து. முதன்முதலில் விரிவுரையாளர் அதைச் சொல்லிக் கொடுத்தபோது, இது எங்கள் கிராணி செய்வதாயிற்றே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அமிலமும் நமக்குப் புதிதல்ல. பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றுகிறோமே, அது பார்மிக் அமிலம். எறும்புக்கு லத்தீன் மொழியில் இருக்கும் பெயரிலிருந்து அந்தப் பெயர் வந்தது. சில எறும்புகள் பீய்ச்சுவதும் இதே அமிலம்தான். பாலுக்குள் ரப்பர்த் துளிகள் புரதப் போர்வை போர்த்தி, எதிர் மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தை ஒழிக்கிறது, துளிகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் கட்டியாகிறது. பாலை உறையாமல் வைத்திருக்க அம்மோனியா ஊற்றுவதும் இதே கணக்குத்தான், தலைகீழாக. இதை வாழ்நாளெல்லாம் கையால் செய்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளை கல்லூரியில் போய் "வேதியியல் எனக்கு அந்நியம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அமிலத்தோடு பழகியவர்களுக்குப் பாதுகாப்பு விதியும் விளங்கும். கண்ணாடி அணியாமல், மூடிய காலணி இல்லாமல், நீண்ட முடியைக் கட்டாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அன்றைய வருகை போய்விடும். சிலிப்பர் போட்டுக்கொண்டு போகிற பையன்கள் உண்டு. அடர்ந்த அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. தண்ணீரில் அமிலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

அடுத்து, குறிப்பேடு. பேனாவால் எழுத வேண்டும். தப்பு வந்தால் அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். செக்ரோலை அழித்துத் திருத்திய கிராணியை நாம் நம்புவோமா? மைக்கேல் ஃபாரடே என்று ஒரு மேதை. கொல்லர் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். தம் சோதனைக் குறிப்புகளுக்குப் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதி வைத்தார். அந்த எண் 16,000ஐத் தாண்டியது. ரப்பரில் ஐந்து கரிமத்துக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்தை 1826இல் கண்டு சொன்னவரும் அவரே. கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்டது 1877இல். நம் மரம் இந்த மண்ணுக்கு வருமுன்னரே அதன் கணக்கு அவர் குறிப்பேட்டுக்குள் போய்விட்டது.

பார்த்தெழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சோதனையை இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். அறிக்கையை அவரவர்தான் எழுத வேண்டும். இப்போது கைப்பேசியில் ஒருவன் எழுதியது நாற்பது பேருக்குப் போகிறது. எழுதிக் கொடுக்க இயந்திரமும் வந்துவிட்டது. பிடிபட்டால் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சேர்த்தே சுழியம் போடும் இடங்கள் உண்டு. "பாவம், கேட்டான், கொடுத்தேன்" என்பது நம் பிள்ளைகளின் குணம். நல்ல குணம்தான். ஆனால் பாலில் தண்ணீர் ஊற்றியவனுக்கு வாளி இரவல் கொடுத்த கதையாகிவிடும்.

ஆறாம் படிவத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவமாக நடக்கிறது. வேதியியலில் 20 விழுக்காடு மார்க் பள்ளியிலேயே செய்யும் சோதனைகளுக்கு. கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்து அந்த 20ஐப் பிடிக்க முடியாது.

நேரக் கணக்கும் இருக்கிறது. நம் நாட்டு உயர்கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் மாணவன் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பொருள். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 14 வாரத்தில் பங்கிட்டால் வாரத்துக்கு எட்டரை மணி. ஒரு பாடத்துக்கு மட்டும்! விரிவுரையில் உட்காருவது அதில் ஒரு பகுதிதான். மீதியை அவனே உட்கார்ந்து படிக்க வேண்டும். விடுமுறையில் வீட்டுக்கு வந்த பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், "சும்மாதானே இருக்கே, கடைக்குப் போய்ட்டு வா" என்று சொல்லாதீர்கள், அம்மா. அவன் சும்மா இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. விரிவுரையாளரைத் தனியே பார்த்துச் சந்தேகம் கேட்க வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, அறை எண்ணோடு தாளில் போட்டிருப்பார்கள். நான் அந்தக் கதவு வரைக்கும் நான்கு முறை போய்த் திரும்பி வந்தேன். ஏன் தெரியுமா? என் அப்பா துரை பங்களாவுக்குப் போனால் படியேற மாட்டார். கீழே, வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அந்தப் படி எனக்குள்ளும் இருந்தது. என் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. இரண்டாம் வருஷம் வேறு வழியில்லாமல் கதவைத் தட்டினேன். அவர் ஒரு சீனப் பெரியவர். "சிட்" என்று நாற்காலியைக் காட்டினார். மோல் கணக்கு எனக்கு அன்று அரை மணியில் விளங்கியது. ஒரு வருஷமாக விளங்காதது!

மோல் என்றால் பிள்ளைகள் மிரள்கிறார்கள். கடைக்காரர் அரிசியை மணி மணியாக எண்ணுகிறாரா? நிறுத்துக் கொடுக்கிறார். அணுவும் எண்ண முடியாத பொடிசு; அதனால் நிறுத்து எண்ணுகிறோம். 12 கிராம் கரிமம் எடுத்தால் ஒரு மோல். அவ்வளவுதான் தொடக்கம். தமிழில் விளங்கிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதுவதில் ஒரு தப்பும் இல்லை. இந்தப் பள்ளியில் அமிலம், காரம், கரைசல் என்று படித்த சொற்கள் எனக்கு எங்கேயும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பிள்ளை கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு, "அந்தத் தாளைப் படிச்சியா? சோதனைக்கூடம் என்னைக்கு?" என்று கேளுங்கள். அந்தக் கிழமையை வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். பரிசம் போடுவதை அடுத்த நாளுக்கு மாற்றலாம். காவடி எடுக்கும் நாளை மாற்ற முடியாது என்றால், ஒரு மாதம் முன்னமே பிள்ளையைக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். உண்மையான நோய் நொடி வந்தால் கிளினிக்கில் மருத்துவச் சான்றிதழ் வாங்கி உடனே கொடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு எல்லாரையும் கூப்பிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இல்லையா, நாங்கள் இல்லையா?

பேச்சு நீண்டுவிட்டது. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்க்கிறார். ஓரமாக ஒரு மேசை போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு கிண்ணம் பால் இருக்கிறது. இன்று காலையில் தெரிந்தவர் ஒருவர் தம் மரத்தில் வெட்டிக் கொடுத்தது. பக்கத்தில் வீட்டு வினிகர். விழா முடிந்ததும் மாணவச் செல்வங்கள் வரிசையாக வரலாம். பாலில் வினிகர் விட்டு உறைவதைப் பார்க்கலாம். எத்தனை கரண்டியில் உறைந்தது என்று எழுதிக்கொள்ளப் பேனா கொண்டு வாருங்கள், பென்சில் வேண்டாம். கண்ணாடி இரண்டு ஜோடிதான் கொண்டு வந்திருக்கிறேன். ஆகையால் இரண்டிரண்டு பேராக வாருங்கள்.