பெரியாருக்குப் பட்டம் கொடுத்தவர்கள்



1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை அரங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். இதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மறுநாள் நடந்ததைத்தான் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்த டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலானோர் கைதானார்கள். தருமாம்பாளின் மருமகள் சீதம்மாள் பிள்ளைகளோடு சிறைக்குப் போனார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73 பேர். தாயோடு உள்ளே போன குழந்தைகள் 32.

முதுகலை படித்த நாட்களில் எழும்பூர் ஆவணக் காப்பகமே கதி என்று கிடந்தவள் நான். விடுதியில் சாப்பாட்டு நேரம் முடிந்துபோகும். பழைய இதழ்களை மூட மனம் வராது. அங்கேதான் இராமாமிர்தம் அம்மையார் என்னைப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை விடவில்லை. இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்து, தாசி முறையை ஒழிக்கவே வாழ்ந்தவர். காங்கிரசில் இருந்தார், சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். ஐம்பது வயதைக் கடந்தபின், கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்த தமிழர் படையில் அவர் ஒருவரே பெண். அதே அம்மையார் 1949-இல் பெரியாரின் திருமணத்தை ஏற்க முடியாமல் விலகி, தி.மு.க.வில் சேர்ந்தார். தான் கொண்டாடிய தலைவரோடு முரண்படும் துணிவு இருந்ததே, அதற்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

மொழியின் பேரால், இனத்தின் பேரால் எழும் இயக்கங்கள் பெண்ணைத் தாய் என்று கும்பிடும். வீரத்தாய் என்று மேடையேற்றும். முடிவெடுக்கும் அறைக்குள் மட்டும் எளிதில் விடாது. அன்று சிறை சென்ற பெண்களோ தாய்மார்களாக மட்டும் வரவில்லை. தருமாம்பாள் பின்னாளில் தமிழாசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டு ‘இழவு வாரம்’ அறிவித்தார். தமிழை வாழ்த்தினால் போதுமா, தமிழ் சொல்லிக்கொடுப்பவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா என்ற கேள்வி அதில் இருந்தது. அவர்கள் வழிவந்த நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். எனக்கு இது பொறுக்கவில்லை.

அரசுப் பள்ளியிலிருந்து வந்த மாணவிகளே, உங்களில் பலர் மாதம் 1,000 ரூபாய் உதவி பெற்றுப் படித்திருப்பீர்கள். அந்த உயர்கல்வித் திட்டத்துக்கு இராமாமிர்தம் அம்மையாரின் பெயர்தான். 1936-இல் அவர் எழுதிய ‘தாசிகள் மோசவலை’ நாவலைத் தேடிப் படியுங்கள். ஆண்பிள்ளைகளும்தான்.