பழைய கணினிக்குப் புதுவாழ்வு



கணினியின் உடல் வேறு. அதனை இயக்கும் பணிசெயல் முறைமை வேறு. உடல் நன்றாயிருந்தும், முறைமையின் பாரந் தாங்காது தளர்ந்த கணினிகள் நம் பாடசாலை அலுமாரிகளிற் பல உள. அவற்றுக்கு மறுவாழ்வு உண்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

2007இல் ஏசஸ் நிறுவனம் ‘ஈ பீசி’ என்னுஞ் சிறு மடிக்கணினியை வெளியிட்டது. விலை குறைவு, ஆற்றலுங் குறைவு. இத்தகைய சிறு கருவிக்குப் பெரிய முறைமை எதற்கு? பலரும் நாடுவது இணைய உலாவியை அன்றோ? உலாவியையே முறைமையாக்கினால் என்ன? இவ்வெண்ணத்துடன் 2009 ஜூலையில் கூகிள் நிறுவனம் குரோம் ஓஎஸ்ஸை அறிவித்தது. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவருள் ஒருவர், மதுரையிற் பிறந்த சுந்தர் பிச்சை. 2011இல் சம்சுங், ஏசர் நிறுவனங்களின் குரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தன.

அடியில் லினக்ஸ்; மேலே உலாவி. எழுதுவதும் கணக்கிடுவதும் உலாவிக்குள்ளேயே நிகழும். கோப்புகளிற் பெரும்பாலானவை தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் இருக்கும். சுமை குறைவாதலின், சில நொடிகளிற் கருவி விழித்துக்கொள்ளும்.

1924இல் திறக்கப்பட்ட நம் பழைய கல்லடிப் பாலத்தை எண்ணிப் பாருங்கள். 2013இற் புதிய பாலம் வந்தபின், பெரும் வாகனங்களின் பாரம் நீங்கி, நடப்போர்க்கு அது உதவுகின்றது. பாரத்தைக் குறைத்தாற் பழையதும் உழைக்கும். பழைய கணினிகளுக்கெனக் குரோம் ஓஎஸ் பிளெக்ஸ் என்னும் இலவச வடிவம் 2022இல் வந்தது. அதற்கு 4 கிகாபைட் நினைவகம் வேண்டும். முதலிற் பென்டிரைவில் இட்டு இயக்கிப் பார்த்துப் பொருந்தினால் நிறுவலாம்.

ஆயினும் இரு எச்சரிக்கைகள் உள. ஒன்று, இணையம். தொடர்பின்றியுஞ் சில பணிகளைச் செய்யலாம். அதற்கு முன்னேற்பாடு வேண்டும். மாரிகாலத்தில் தொடர்பு அறுந்தாலும், டேட்டா வாங்கப் பெற்றோர் கையிற் காசு இல்லாதபோதும், பிள்ளையின் எழுத்து அப்பாலேயே நின்றுவிடும். ஆதலால் வேண்டிய பாடங்களையும் கோப்புகளையும் கருவியிலேயே சேமித்து வைத்தல் நலம்.

மற்றொன்று, ஆயுள். குரோம்புக்குக்குரிய பாதுகாப்புப் புதுப்பித்தல்களைப் பத்தாண்டுவரை வழங்குவதாக 2023இற் கூகிள் அறிவித்தது. அப்பத்தாண்டு நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. அவ்வகைக் கருவி முதன்முதல் வெளிவந்த நாளிலிருந்தே எண்ணப்படுவது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் அன்போடு அனுப்பும் கருவி, நம் கைக்கு வரும்போதே தவணை முடிந்ததாயிருக்கக்கூடும்.

ஆகவே, அதிபர்களே, பெற்றோர்களே, நன்கொடையைப் பெறுமுன் அந்நாளைக் கேட்டறியுங்கள். கேட்பதில் நாணம் வேண்டா. பயனற்ற பத்துக் கருவிகளினும், பிள்ளைகள் நாள்தோறும் தொட்டுப் பழகும் இரண்டு மேலானவை.