கோப்பையும் வேண்டும், குழந்தையும் வேண்டும்

(உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா வந்தால் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "சார், இந்த வருஷம் எத்தனை கோப்பை?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நானும் பல ஆண்டுகள் அணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஒருமுறை 14 வயதுக்குட்பட்டோர் கையுந்துபந்து அணியில் உயரமான ஆறு பேரை மட்டுமே எல்லா ஆட்டங்களிலும் இறக்கினேன். குறுவட்டப் போட்டியில் வென்றோம். அதே அணியில் சிறிய உருவம் கொண்ட பையன் ஒருவன் இருந்தான். காலையில் முதல் ஆளாக வருவான், வலை கட்டுவான், பந்துப் பையைத் தூக்கி வருவான். ஓராண்டில் ஒரு ஆட்டத்தில்கூட அவன் களமிறங்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் மைதானத்துக்கே வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அவன் பதினோராம் வகுப்பு படிக்கும்போது பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். என்னைவிட உயரமாக நின்றான். "இப்போ விளையாடுறியாப்பா?" என்றேன். "இல்ல சார், எனக்கு விளையாட்டு வராது சார்" என்றான். அப்படி அவனிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓராண்டு ஓரமாக உட்காரவைத்து நான்தான் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இது என் ஒருவனுடைய தவறு மட்டுமல்ல. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தவர்களும் 1985இல் ஆராய்ந்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாக இருந்தார்கள். அங்கே வயதுப் பிரிவின் வரம்பு நாள் ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு. பயிற்றுநர் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். தேர்வானவனுக்கே பயிற்சியும் ஆட்டமும் கிடைக்க, இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. நம் வயதுப் பிரிவுகளிலும் இதுதான் நடக்கிறது.

நார்வே நாட்டின் குழந்தை விளையாட்டு விதிகளின்படி, 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. அந்தச் சிறிய நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களுடன் முதலிடம் பெற்றது. பனியும் வசதியும் அவர்களுக்கு உண்டு. விதி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிறு வயதில் வரிசைப்படுத்தாததால் அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

அப்படியானால் வெற்றி வேண்டாமா? வேண்டும். மேல்நிலை மாணவருக்குப் போட்டிச் சான்றிதழ் கல்லூரிக்கும் வேலைக்கும் வழி திறக்கும். வயது கூடக்கூட வெற்றியின் பங்கும் கூடலாம். 14 வயதுக்குள் வளர்ச்சிக்கே முதலிடம்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். நட்பு ஆட்டங்களில் முதல் செட் ஆறு பேர், இரண்டாம் செட் மற்ற ஆறு பேர். மூன்றாவது செட் வந்தால் மட்டும் வெற்றிக்கான அணி. குறுவட்டத்தில் வெல்லவே ஆடுகிறோம். யார் இறங்குவார், ஏன் என்பதை முந்தின நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். உயரமானவனும் பந்து எடுத்துக்கொடுக்கப் பழக வேண்டும்; குள்ளமானவனும் வலையருகே நின்று அடித்துப் பழக வேண்டும். விளையாட்டு மன்றப் பதிவேட்டில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் எழுதுகிறேன்: சென்ற ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வருகிறார்கள்? தலைமையாசிரியரிடம் இரண்டையும் காட்டுகிறேன்.

இந்த வாரம் உங்கள் அணிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதத்தை எழுதுங்கள். கடைசி மாதங்களில் பிறந்த பிள்ளைகள் களத்தில் இருக்கிறார்களா, பந்துப் பையோடு ஓரத்தில் நிற்கிறார்களா என்று பாருங்கள். ஓரத்தில் நின்றால், அடுத்த ஆட்டத்தில் ஒரு செட் கொடுங்கள்.