கடன்படும் கல்வி

கல்வி ஈகையா, கடனா? அமெரிக்க நடுவணரசு 1965-இல் உயர்கல்விச் சட்டம் இயற்றியது. 1972-இல், வறிய மாணாக்கர்க்குத் திருப்பித் தரவேண்டாத உதவித்தொகையையும் நிறுவியது. நோக்கம் நன்றே! ஆயின், கல்லூரிக் கட்டணம் ஏற ஏற, உதவித்தொகை பின்தங்கிற்று; கடனே முந்திற்று.

2025 சூலைத் திங்களில் வந்த புதுச்சட்டமோ, முதுகலை பயில்வார்க்குக் கற்கும் செலவு முழுமைக்கும் கிட்டிய கடன்திட்டத்தை, 2026 சூலை முதல் புதியவர்க்கு இல்லையாக்கியது. முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500 தாலர், மொத்தம் 1,00,000. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு 50,000, மொத்தம் 2,00,000 என வரம்பும் கட்டியது.

கடன் தணியும் என்பர் ஆள்வோர். கட்டணம் தணியாவிடில்? செல்வர் மகன் தடையின்றிப் பயில்வான். வறியவர் மகனோ தனியார் வைப்பக வாயிலில் நிற்பான். கடனுக்கு வரம்பிட்ட கை கட்டணத்துக்கும் வரம்பிடுக! இன்றேல், கல்வி பொதுவுடைமையாகாது. பொருளுடையார் உடைமையே ஆகும்!