நந்தி விலகியது... நாம்?

(தலைப்பு: மனிதனைக் கடவுளிடம் சேர்ப்பது ஆசாரமா? அன்பா? ‘அன்பே’ என்ற அணியில் பேசியது)



எதிரணிச் சகோதரி, “குளிச்சு, மடியா நின்னாத்தான் சாமி கும்பிடலாம்”னாங்க. குளிங்கம்மா, யார் வேண்டாம்னது? (சிரிப்பு) குளிச்சிட்டு வந்து, பக்கத்துல நிக்கிறவனை, “நீ தள்ளி நில்லு”ங்கிறீங்களே, அங்கேதான் வம்பு!

ஆதனூர் நந்தனார் கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போகலாம். அவர் போகக் கூடாது! திருப்புன்கூரில் வெளியே நின்று பார்க்கிறார். நந்தி மறைக்கிறது. இறைவன் அருளால் நந்தி விலகியது என்கிறது பெரியபுராணம். ஐயா, கல்லு விலகிடுச்சு. மனுஷன் விலகினானா? தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதானே அவர் உள்ளே போக முடிந்தது! (கைதட்டல்)

மனுஷன் விலக எத்தனை நூற்றாண்டு ஆச்சு தெரியுமா? 1934இல் மதுரைக்கு வந்த காந்தியடிகள், எல்லாருக்கும் திறக்காத மீனாட்சி கோயிலுக்குள் தானும் போக மறுத்துவிட்டார். 1939 ஜூலை 8. வக்கீல் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தாரையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு வரவேற்றார். எதிர்ப்பு இல்லாமலா? பட்டர்களில் ஒரு பகுதியினர் பூஜை செய்யவே மறுத்தார்கள். ஆலயத்தில் நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் காக்க ராஜாஜி அரசு அந்த ஆண்டே சட்டம் கொண்டுவந்தது. 1946இல் காந்தியடிகள் திரும்பி வந்து அம்மனைத் தரிசித்தார்.

ஒன்றைக் கவனிக்கணும். வைத்தியநாத ஐயர் சாமி இல்லைன்னவர் இல்லை. சாமியை நம்பினவர். நம்பினதாலேதான், நடுவிலே நின்ன மனுஷனை விலகச் சொன்னார். அன்று வெளியே நின்ற கக்கன், பின்னாளில் இந்த மாநிலத்துக்கே உள்துறை அமைச்சர். அம்மனுக்கு அதனாலே ஏதாவது குறைஞ்சு போச்சா? கும்பிடுற கைகள்தான் கூடிப்போச்சு! (கைதட்டல்)

கோயில் கதவு சட்டத்தாலே திறந்தது. நம்ம வீடு? வேலை செய்ய வர்ற அம்மாவுக்குத் தனி டம்ளர். அதைக் கொல்லைப்புறத்துல கவிழ்த்து வச்சிட்டு, பூஜை அறையில சூடம் காட்டுறோம். ஆண்டவன் எந்தப் பக்கம் இருப்பான்? அந்தக் கொல்லைப்புறத்துலதான் இருப்பான்!

தாய்மார்களே, அந்த டம்ளர்தான் இன்னைக்கு நந்தி. அதை விலக்க சிவபெருமான் வரவேண்டாம். உங்க கை போதும். வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து, நம்ம டம்ளர்களோடு வைங்க. அதுவே அன்றைய பூஜை!

அன்பே கடவுளிடம் சேர்க்கும் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)