புதுக் குருதியா, பழைய குருதியா? இதயச் சத்திரசிகிச்சைக்குச் செல்லும் குழந்தைகளும் நாமும்

(சங்கத்தின் நூற்றாண்டுக் கொண்டாட்டத்தில் பழைய மாணவியான ஒரு வைத்தியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானம் பற்றிப் பேசவேண்டும், ஆனால் எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே, எங்கள் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இதயத்தில் ஏதோவொரு பிறவிக் குறைபாடு இருக்கும். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. தேவைப்படும் யாழ்ப்பாணக் குழந்தைகள் நெடுங்காலமாகக் கொழும்பிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கே அனுப்பப்பட்டு வந்திருக்கிறார்கள். திகதி கிடைத்ததும் வீட்டில் பேச்சுத் தொடங்கும். "பிள்ளைக்குப் பழைய இரத்தம் ஏத்தக்கூடாது. புதுசா எடுத்ததுதான் வேணும். நாங்களே சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போவம்." நானூறு கிலோமீற்றர் வான் பிடித்துப் போகவும் ஆயத்தமாவார்கள். அன்பினால் வரும் பேச்சு அது. ஆனால் அதில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று பார்ப்போம்.

முதலில், இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இதயத்தைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையின் ஆரம்ப காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1954 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் வோல்ற்றன் லிலெஹை, குழந்தையின் குருதியைப் பெற்றோரில் ஒருவரின் உடலினூடாகச் செலுத்தி, அவரையே குழந்தையின் இதயமாகவும் நுரையீரலாகவும் பயன்படுத்தினார். 45 பேருக்கு இவ்வாறு சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் இதய நுரையீரல் இயந்திரம் பரவியபோதும், அன்று காலையில் கொடையாளிகளை வரவழைத்து எடுத்த குருதியாலேயே அதை நிரப்பினார்கள். அந்தக் காலம் போய்விட்டது. அந்த எண்ணம் மட்டும் எம்மிடையே தங்கிவிட்டது.

இன்று ஒருவர் தரும் சுமார் 450 மில்லிலீற்றர் குருதி செங்குழியங்கள், திரவவிழையம், சிறுதட்டுக்கள் எனப் பிரிக்கப்படுகிறது. செங்குழியங்கள் 2 முதல் 6 பாகை செல்சியசில், சேர்க்கப்படும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாட்கள் வரை வைக்கப்படும். சிறுதட்டுக்களின் ஆயுள் ஐந்து நாட்களளவே. திரவவிழையம் உறைநிலையில் பல மாதங்கள் இருக்கும்.

குளிரில் இருக்கும் செங்குழியம் மெல்ல மெல்ல மாறுகிறது. அதனுள் இருக்கும் பொற்றாசியம் வெளியே கசிகிறது. வளைந்து நெளியும் தன்மை குறைகிறது. ஒட்சிசனை இழையங்களுக்கு விட்டுக்கொடுக்க உதவும் ஒரு பொருள் இரண்டு வாரங்களளவில் வெகுவாகக் குறைந்துபோகிறது. உடலுக்குள் சென்றபின் ஓரிரு நாட்களில் அது மீள உருவாகிவிடும். எனவே "பழைய குருதி" பற்றிய அச்சம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. 2008 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தில் இதயச் சத்திரசிகிச்சை பெற்ற 6,002 பெரியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 14 நாட்களுக்கு மேற்பட்ட குருதி பெற்றவர்களிடையே இறப்பு 2.8 வீதமாகவும் மற்றவர்களிடையே 1.7 வீதமாகவும் இருந்தது. உலகெங்கும் வைத்தியர்கள் கவலைப்பட்டார்கள்.

ஆனால் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பது வேறு, குலுக்கல் முறையில் நோயாளரைப் பிரித்து ஒப்பிடுவது வேறு. அவ்வாறு ஒப்பிட்ட ஆய்வுகள் பின்னர் வந்தன. 2015 இல் வெளியான ஆய்வொன்றில், இதயச் சத்திரசிகிச்சை பெற்ற 12 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான 1,098 பேரில் ஒரு பகுதியினருக்கு 10 நாட்களுக்கு உட்பட்ட குருதியும், மறு பகுதியினருக்கு 21 நாட்களைத் தாண்டிய குருதியும் கொடுத்தார்கள். வேறுபாடு தென்படவில்லை. அதே ஆண்டில் உகண்டாவின் கம்பாலா நகரில், கடுமையான குருதிச்சோகையுடன் வந்த 290 சிறுவர்களிடம் செய்த ஆய்விலும், 25 முதல் 35 நாள் குருதி புதுக் குருதிக்குச் சளைக்கவில்லை. 2019 இல் ஐந்து நாடுகளின் 50 வைத்தியசாலைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட சிறுவர்களிடையே ஒப்பிட்டார்கள். புதுக் குருதி பெற்றவர்களில் 20.2 வீதத்தினருக்கும், வழமையான குருதி பெற்றவர்களில் 18.2 வீதத்தினருக்கும் பல உறுப்புகள் பாதிப்புற்றன. புதுக் குருதியால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை.

இதயச் சத்திரசிகிச்சைக்குச் செல்லும் கைக்குழந்தைகளுக்கென்றே ஓர் ஆய்வு 2004 இல் வெளியானது. ஒரு வயதுக்குட்பட்ட 200 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இயந்திரத்தை 48 மணிநேரத்துக்குட்பட்ட முழுக்குருதியால் நிரப்பினார்கள். மற்றவர்களுக்குச் செங்குழியத்தையும் திரவவிழையத்தையும் சேர்த்து நிரப்பினார்கள். முழுக்குருதி பெற்ற குழந்தைகளே தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதலான நேரம் இருந்தார்கள்: 70.5 மணிக்கு எதிராக 97 மணி.

அப்படியானால் குருதியின் வயது பொருட்டே இல்லையா? ஓரிடத்தில் உண்டு. நாலு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள குருதி மொத்தம் 320 மில்லிலீற்றர் அளவுதான், இரண்டு தேநீர்க் கோப்பைகள். இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பும் அளவு அதை நெருங்கலாம், மிஞ்சவும் கூடும். அவ்வளவு குருதி விரைவாக உட்செல்லும்போது, அதில் கசிந்திருக்கும் பொற்றாசியம் பிஞ்சு இதயத்தின் துடிப்பையே நிறுத்திவிடலாம். அதனால்தான் பச்சிளங் குழந்தைக்குப் பெருமளவில் ஏற்றும்போது சில நாட்களுக்குள் எடுத்த செங்குழியத்தைத் தெரிவு செய்கிறார்கள். பிரித்தானிய வழிகாட்டலில் அது ஐந்து நாள். அது கிடைக்காவிடின் செங்குழியங்களைக் கழுவிப் பொற்றாசியத்தை அகற்றும் வழியும் உண்டு. இந்தத் தெரிவைச் செய்வது குருதி வங்கியினதும் சத்திரசிகிச்சைக் குழுவினதும் வேலை. அதற்காகச் சொந்தக்காரர் வான் பிடிக்கத் தேவையில்லை.

சொந்தக்காரரின் குருதியில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தாய், தகப்பன், மாமன் ஆகியோரின் வெண்குழியங்கள் குழந்தையினுடையவற்றைப் பெரிதும் ஒத்திருப்பதால், குழந்தையின் உடல் அவற்றை அந்நியமென்று அறியாமல் விட்டுவிடும். அவை பெருகிக் குழந்தையின் உடலையே தாக்கலாம். அரிதான நோய், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. கதிரியக்கம் செலுத்தி அதைத் தடுக்கலாம். ஆனால் கதிரியக்கம் பட்ட குருதியில் பொற்றாசியம் இன்னும் வேகமாகக் கசியும். முன்பின் அறியாத ஒருவர் மாதங்களுக்கொரு முறை அமைதியாகத் தந்துவிட்டுப் போகும் குருதி, இந்தக் குழந்தைக்குப் பெற்ற தாயின் குருதியைவிடப் பாதுகாப்பானது. கேட்கக் கடினமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

எமது நாட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 2014 முதல் தேசிய குருதிமாற்றுச் சேவை தனக்குத் தேவையான குருதி முழுவதையும் ஊதியம் பெறாத தொண்டர்களிடமிருந்தே பெறுகிறது. எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, சிபிலிசு, மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையும் சோதிக்கப்படுகிறது. அவசரத்தில் அழைத்து வரப்படும் உறவினர், ஊரார் முன்னிலையில் தன் உடல்நிலையை மறைக்கக்கூடும். தானாக வரும் தொண்டருக்கு அந்த நெருக்குதல் இல்லை.

குழந்தைக்கு உண்மையான ஆபத்து, குறித்த நாளில் உரிய வகைக் குருதி வங்கியில் இல்லாமற் போவதே. புதுக் குருதியையே எல்லோரும் கேட்டால் முன்னர் எடுத்தது காலாவதியாகி வீணாகும். தட்டுப்பாடு இன்னும் கூடும். சிறுதட்டுக்கள் ஐந்து நாளே இருப்பதால், ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட, நூறு பேரும் வருடம் முழுவதும் பிரிந்து கொடுப்பது பயனுடையது.

ஆகவே, சகோதரிகளே, இரண்டு வேண்டுகோள். 18 வயதைத் தாண்டிய, 60 வயதுக்குட்பட்ட, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, உடல்நலமுள்ள ஒருவர் எமது நாட்டில் நான்கு மாதங்களுக்கொரு முறை குருதி கொடுக்கலாம். "பொம்பிளைப் பிள்ளைக்கு உடம்பு தாங்காது" என்ற பேச்சை இந்த மண்டபத்துடன் விட்டுவிடுவோம். கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கொடுக்கக்கூடாது. குருதிச்சோகை இருந்தால் அங்கேயே சோதித்துச் சொல்வார்கள்; அதை அறிந்துகொள்வதும் ஒரு நன்மைதான். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் போதனா வைத்தியசாலையின் இரத்த வங்கிக்குச் செல்லுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருப்பவர்கள் அங்கேயே, அந்நாட்டு விதிகளின்படி கொடுங்கள். அங்கும் சிறு இதயங்கள் காத்திருக்கின்றன.

இரண்டாவது, உங்கள் உறவில் ஒரு குழந்தைக்குத் திகதி கிடைத்தால், "எத்தனை நாள் பழைய இரத்தம்?" என்று சண்டை பிடிக்காதீர்கள். "பிள்ளையின் இரத்த வகைக்குப் போதிய இருப்பு உள்ளதா? நாங்கள் பொது இருப்புக்குக் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். அந்தப் பை உங்கள் பிள்ளைக்குப் போகாது. வேறொரு தாயின் பிள்ளைக்குப் போகும். உங்கள் பிள்ளைக்கு வேண்டியது, நீங்கள் ஒருபோதும் காணப்போகாத ஒருவரிடமிருந்து ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும்.