முதலில் குடம், பிறகு ஓலை

நம் திருப்புலிவனத்துக்குப் பக்கத்திலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), ஓலை எடுக்குமுன் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டச் சொல்கிறது.

கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். ஃப்ளெக்ஸ் உருவாக்கும் லெக்ஸர் எழுத்துகளைச் சொற்களாகப் பிரிக்கும். பார்ஸர் அவற்றை வாக்கியமாகக் கோக்கும். இன்புட் ஃபைலை எஃப்ஓப்பன் மூலம் திறந்து, ஒய்ஒய்இன் என்ற மாறியில் வைத்த பிறகே பார்ஸரை அழைக்க வேண்டும்.

ஃபைல் பெயர் தப்பானால் எஃப்ஓப்பன் 'நல்' தரும். லெக்ஸரோ சண்டை போடாது. பேசாமல் கீபோர்டுக்காகக் காத்து உட்கார்ந்துவிடும். மாணவர்கள் ராத்திரி பூராவும் இலக்கண விதிகளைத் திருத்துவார்கள். பிழை அங்கே இல்லையே!

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ஃபைல் திறந்ததா என்று முதலில் ஒரு 'இஃப்' போட்டுப் பாருங்கள். குடத்தைக் காட்டிவிட்டு ஓலையை எடுங்கள்.